பன்னிரண்டாயிரம் வருஷத்துப் பனி

சோலைமுத்துவுக்கு அந்த வேலை கிடைத்ததே அவன் நன்றாக நடுங்குவான் என்பதால்தான்.

ராஸ் அல் கைமாவில் மலையைக் குடைந்து கல் உடைத்துக்கொண்டிருந்தது அவனுடைய கம்பெனி. ஒரு நாள் பாறைக்குள்ளிருந்து ஊற்று பொத்துக்கொண்டு குவாரிக் குழி நிறையத் தண்ணீர் ஏறிவிட்டது. கிரஷரை நிறுத்திவிட்டார்கள். சுண்ணாம்புத் தூள் கரைந்த தண்ணீர் நீலமும் பச்சையுமாகக் கண் கூசுகிற நிறத்தில் கிடந்தது. அதைப் பார்த்ததும் மேனேஜர் ஜெயசீலனுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வருகிற மேனேஜரைவிட ஆபத்தான பிராணி வளைகுடா நாடுகளில் கிடையாது. 'பனிமலை ஏரிகள், ஒரு நாள் சுற்றுலா, மதியச் சாப்பாடு உட்பட' என்று விளம்பரம் கொடுத்துவிட்டார்.

மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் கொடுக்கிற பேக்டரியிலிருந்து விடிவதற்குள் லாரி லாரியாக ஐஸ் வந்து இறங்கும். கல் உடைத்த அதே கிரஷரில் ஐஸை உடைத்து, கல் ஏறிய அதே கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, மலைச்சரிவில் கொட்டுவார்கள். காலையில் பார்த்தால் பனிமலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் பழைய குவாரி. அதனால் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து பஸ்ஸைக் கிளப்பிவிட வேண்டும் என்பது கம்பெனியின் முதல் சட்டம்.

ஏரிகள் என்று பன்மையில் போட்டார்களே, எத்தனை என்று கேட்டால் மூன்று. உண்மையில் இருந்தது ஒன்றுதான். பஸ் அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து மூன்று பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை. இதுவரை ஒரு பயணியும் சந்தேகப்பட்டதில்லை. வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுக்க வந்தவர்கள், போட்டோவில் மூன்றும் வேறுவேறாகத்தான் தெரிந்தன.

கைடு வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஜெயசீலன் கிரஷர் ஆட்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார். நாகர்கோவில்காரர். "எல்லாரும் நடுங்குங்கடே பாப்போம்" என்றார். ஒருவன் சாமி வந்தவனைப் போல ஆடினான், இன்னொருவன் கரண்ட் அடித்தவனைப் போல. சோலைமுத்து மட்டும், முன்பு கேம்ப்பில் மலேரியாவோடு கிடந்ததை நினைத்துக்கொண்டு, பல் கிட்டித்து, தோள் ஒடுங்கி, பார்ப்பவருக்கே போர்த்திவிடலாமா என்று தோன்றும்படி நடுங்கினான். அன்றைக்கே அவன் கையில் மைக்கையும் பஞ்சு வைத்த கோட்டையும் குரங்குக் குல்லாவையும் கொடுத்துவிட்டார்கள். கூடவே இரண்டாவது சட்டத்தையும் சொன்னார் ஜெயசீலன்: "ஏரியப் பத்தி எவனாவது நெஜம் பேசுனான்னா, அன்னைக்கே விசா கேன்சல். கேட்டியா மக்கா?"

கேட்டுக்கொண்டான். தினமும் கோடை வெயிலில் கோட்டுக்குள் வெந்துகொண்டே, "இந்தப் பனிக்கு வயசு பன்னெண்டாயிரம் வருஷங்க" என்று நடுங்கிக்கொண்டு சொன்னான். ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது, அவனுக்குப் பெண் பார்க்கிற வரைக்கும்.

துறையூர்ப் பக்கத்தில் சோலைமுத்துவின் வயதுக்காரர்களுக்கெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஒன்றும் அமையவில்லை. கடைசியில் முசிறியில் ஒரு பெண் அமைந்தாள். கனகா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு நிச்சயதார்த்தம் முடித்த ஒருவன் பத்தாம் வகுப்புகூடத் தாண்டாதவன் என்று தெரிந்து, பந்தல் போட்ட பிறகு கல்யாணத்தை நிறுத்தியவள். அவள் சோலைமுத்துவோடு போனில் பேசிய முதல் நாளே சொல்லிவிட்டாள்: "வசதி இல்லன்னா பரவால்லீங்க. பொய் சொல்ற ஆளு மட்டும் எனக்கு வேணாம்."

"ராசல்கைமாவுல கிரஷர் கம்பெனிங்க" என்றான் சோலைமுத்து. அது உண்மைதான். அவனுக்குக் கனகாவை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் குரலுக்குப் பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம்கூடப் பிடித்துவிட்டது.

அதற்குள் எவளோ ஒரு சுற்றுலாக்காரி எடுத்துப் போட்ட வீடியோ, ஊர் ஊராகச் சுற்றி முசிறிக்கும் போய்ச் சேர்ந்தது. கோட்டும் குல்லாவுமாக, பனிமலைக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறான் மாப்பிள்ளை. பாலைவனத்தில் கல் உடைக்கிறேன் என்றவன் பனிக்குள் என்ன செய்கிறான் என்று பெண் வீட்டில் கேட்டார்கள். "அது ராசல்கைமாதாங்க, குவாரிக் குழிதாங்க, ஐஸ்ஸ நாங்கதாங்க கொட்டுறோம்" என்று அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்றார்கள். இவனோ சோற்றையும் பூசணிக்காயையும் தனித்தனியாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

கனகா மட்டும், நேரில் ஆள் அனுப்பி விசாரித்துவிட்டு முடிவு சொல்வோம் என்றாள். பெண் வீட்டார் ஆள் அனுப்பி மாப்பிள்ளையை விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம். விசாரிக்க வருகிறவர் யாரென்று மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்பது அந்த வழக்கத்தின் உயிர்நாடி. இருந்தாலும் முந்தின நாள் கனகா வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டாள்: "எங்க சித்தப்பா முறை ஒருத்தரு, அங்கதான் கல்ஃப்ல இருக்காரு, நாளைக்கு உங்க பஸ்ஸுல வருவாரு. பேரு கேக்காதீங்க. அவரு என்ன சொல்றாரோ அதான்."

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். சோலைமுத்து அந்த ஆயிரத்தையும் எப்போதோ சொல்லி முடித்திருந்தான், எல்லாம் பனியைப் பற்றி. கல்யாணத்துக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒரு உண்மை. அதைப் பயணிகளுக்கு முன்னால் சொன்னால் விசா போய்விடும், சொல்லாவிட்டால் கனகா போய்விடுவாள். இரவெல்லாம் கேம்ப்பில் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

மறுநாள் பஸ் வந்து நின்றது. இறங்குகிற இடத்திலேயே எல்லோருக்கும் வாடகைக் கோட்டும் குல்லாவும் மாட்டிவிட்டார்கள். வெயில் தார்ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. கோட்டுக்குள் புகுந்த பிறகு யார் யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை, எல்லோரும் கண் மட்டும் தெரிகிற மூட்டைகளாக நின்றார்கள். பஹ்ரைனில் ஈசா டவுனிலிருந்து வந்திருந்த நளினி மட்டும் குரலால் அடையாளம் தெரிந்தாள். கணவர் சேதுராமனை ஒரு கல்லின் மேல் ஏற்றி நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் குளிர்ற மாதிரி நில்லுங்கோ" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஏரிப் பக்கத்தில் ஒரு மூட்டை சோலைமுத்துவிடம் வந்தது. தனியாக வந்த ஆள். "தமிழா? எந்த ஊரு?" என்று கேட்டது.

"துறையூருங்க."

"கல்ஃப்ல எத்தனை வருஷமா? ரூம் ஷேரிங்கா? சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா? கல்யாணம் ஆயிடுத்தா?"

வந்துவிட்டார் சித்தப்பா. வெளிநாட்டில் ஒரு தமிழனைப் பார்த்தால் எந்தத் தமிழனும் இந்தக் கேள்விகளை இதே வரிசையில்தான் கேட்பான் என்பது அவனுக்கும் தெரியும். அவனே எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மனிதரை நிழலில் உட்கார வைத்தான். இரண்டு தடவை பால் விடாத சுலைமானி டீ வாங்கிக் கொடுத்தான். மற்ற பயணிகள் தாங்களாகவே நடுங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

இரண்டாவது ஏரிப் பக்கத்தில், அதாவது அதே குழியின் வடக்குப் பக்கத்தில், அவர் பனியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இது எவ்வளவு வருஷத்துப் பனி?"

பன்னிரண்டாயிரம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சோலைமுத்து அதை விழுங்கினான். சுற்றிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்து சொன்னான்: "இன்னைக்குக் காலைல வந்ததுங்க மாமா. மீன் மார்க்கெட் ஐஸ் பேக்டரி. கனகாகிட்ட நான் சொன்னதெல்லாம் நெஜங்க. நீங்களே பாத்துட்டீங்க."

"யாருக்கு யாருய்யா மாமா?" என்றார் அவர். "நான் முரளிதரன். அபுதாபியில பேங்க்ல இருக்கேன். கனகா யாரு?"

சோலைமுத்துவுக்குக் கோட்டுக்குள்ளேயே ஒரு நிமிடம் நிஜமாகவே குளிர்ந்தது.

முரளிதரனுக்கு வந்த கோபம் ஏமாற்றப்பட்டதால் வந்ததல்ல. அந்த ஏமாற்றைக் கெடுத்ததால் வந்தது. லீவு போட்டுப் பனிமலைக்குப் போகிறேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பின்னால் பிக்கப் வண்டியில் வந்துகொண்டிருந்த ஜெயசீலனை நிறுத்தி, "உங்க கைடு தப்புத் தப்பா இன்ஃபர்மேஷன் குடுக்கறார். பனி காலைல வந்ததுங்கறார். இதுக்கா பணம் கட்டினோம்?" என்றார்.

ஜெயசீலன் சோலைமுத்துவைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "ஏம்லே, உனக்கு மண்டைக்குச் சுகமில்லியா?" என்றார். "இப்ப மைக்க எடு. எல்லாருக்கும் கேக்கப் பன்னெண்டாயிரம் வருசம்னு சொல்லி, சார்கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லைன்னா நாளைக்கு ஊருக்குப் போலாம். கல்லாஸ், எல்லாம் முடிஞ்சு."

சோலைமுத்து மைக்கைக் கையில் வாங்கினான். எதிரே கோட்டும் குல்லாவுமாக அத்தனை மூட்டைகள். அவற்றில் ஒன்றுக்குள் கனகாவின் சித்தப்பா இருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கப் போகிறார். பன்னிரண்டாயிரம் என்று சொன்னால் வேலை நிலைக்கும், கனகா போய்விடுவாள். சொல்லாவிட்டால் வேலை போகும், வேலை இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது கோட்டு கிடையாது. அவனுக்கு அழுகை வந்தது. எப்படியும் போகப்போகிற பெண், அவள் கேட்ட ஒரே ஒன்றையாவது கொடுத்துவிடுவோம் என்று நினைத்தான்.

"எல்லாருக்கும் வணக்கங்க" என்றான். "இந்தப் பனிக்குப் பன்னெண்டாயிரம் வருஷம்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. அது பொய்ங்க. இது இன்னைக்குக் காலைல லாரியில வந்துச்சு. இது ஏரியும் இல்லீங்க, குவாரிக் குழி. நானே இதுக்குள்ள கல்லு ஒடச்சிருக்கேன். மொதல்ல பாத்த ஏரியும் இதுவும் ஒண்ணுதாங்க, பஸ்ஸு சுத்திக்கிட்டு வந்துச்சு. அடுத்துப் பாக்கப் போறதும் இதேதான். எனக்குக் குளுரவே இல்லீங்க. வேகுது."

ஜெயசீலன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மலைக்குப் பின்னால் கன்வேயரில் இருந்த முகம்மது ரிபாய், புத்தளத்துக்காரர், மைக்கில் நடப்பது எதுவும் தெரியாமல் வழக்கமான நேரத்துக்குப் பெல்ட்டைப் போட்டுவிட்டார். பனிச்சரிவு என்று விளம்பரத்தில் போட்டிருந்த நிகழ்ச்சி அது. உடைத்த ஐஸ் கடகடவென்று சரிவில் கொட்டியது. அதோடு உருண்டு வந்து சோலைமுத்துவின் காலடியில் விழுந்தது ஒரு மத்தி மீன். லாரியில் எப்படியோ ஏறிக்கொண்டது போலிருக்கிறது.

சோலைமுத்து குனிந்து அதை வாலைப் பிடித்துத் தூக்கினான். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? "பாருங்க" என்றான். "மத்தி. மீன் மார்க்கெட் ஐஸ்ஸுன்னு சொன்னேன்ல."

முதலில் சிரித்தவள் நளினிதான். பிறகு சேதுராமன். பிறகு ஒவ்வொரு மூட்டையாகக் குலுங்க ஆரம்பித்தது. கையுறை போட்ட கைகள் பொத்துப் பொத்தென்று தட்டின. "இவர் முகத்தைப் பாருங்கோ, சிரிக்கவே மாட்டேங்கறார்" என்று நளினி வீடியோ எடுத்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மீனை எப்ப கைல எடுத்தார்னே தெரியலை."

"ஜோக்கா?" என்றார் முரளிதரன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். காதுல வந்து சீரியஸா சொல்லவும் பயந்துட்டேன்." அந்த மத்தியைப் பன்னிரண்டாயிரம் வருஷத்து மீன் என்று வைத்துக்கொண்டு படம் எடுத்தார். மற்றவர்களும் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஜோக் இல்லீங்க" என்றான் சோலைமுத்து மைக்கில். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "சத்தியமாங்க" என்றான். நளினிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் மைக்கை இறக்கிக்கொண்டான்.

ஜெயசீலன் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மக்கா, உனக்குள்ள இப்படி ஒரு சாமானம் இருக்குன்னு தெரியாமப் போச்சே. நாளையிலேர்ந்து தினமும் இதயே பேசு. ஒரு எழுத்து மாத்தாத. மத்திக்கு ஆகுத செலவு கம்பெனியோடது." எல்லோரையும் பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டு, மூன்றாவது ஏரியை நோக்கித் தன் வண்டியை முன்னால் விட்டுக்கொண்டு போனார்.

வேலை போகவில்லை. சோலைமுத்துவுக்கு அதில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை. இவ்வளவு நாள் பொய் சொன்னான், நம்பினார்கள். இன்றைக்கு உண்மை சொன்னான், அதைப் பொய்யென்று கைதட்டினார்கள். நாளையிலிருந்து உண்மையும் அவனுக்கு டியூட்டி. இனி அவன் வாயில் பொய் என்று ஒன்று, உண்மை என்று ஒன்று தனியாக இல்லை. கனகாவுக்கு என்ன தகவல் போகப்போகிறது என்று நினைத்தபோது கையிலிருந்த மைக் கனத்தது.

எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள் என்று நினைத்தால், ஒருவர் ஏறவில்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். நரைத்த மீசை.

"நான் கல்யாணசுந்தரம்" என்றார். "இங்க கல்ஃப்லதான், ரூவியில ஒரு கடையில ஸ்டோர் பாக்குறேன். முசிறிக்காரன். கனகாவுக்குச் சித்தப்பா முறை."

சோலைமுத்து மைக்கை அணைத்துக் கீழே வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல தம்பி" என்றார் கல்யாணசுந்தரம். நிஜமாகவே அவர் முகம் குழம்பிப்போயிருந்தது. "பனியத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருக்கு. நீங்க அது பொய்யிங்கிறீங்க. சரி, நெஜத்தைப் பேசிட்டாரு, இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரான்னு எனக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சு. உடனே உங்க மேனேஜரு வந்து கை குடுக்கறாரு. நானும் முப்பது வருஷமா கல்ஃப்ல இருக்கேன். நெஜம் பேசுனவனுக்குக் கை குடுத்த மேனேஜர நான் பாத்ததில்ல. அப்ப நீங்க சொன்னது ஜோக்காத்தான இருக்கணும்?"

"நெஜந்தாங்க."

"அதத்தான் மைக்குலயும் சொன்னீங்க. அதுக்குத்தான் அவ்வளவு பேரும் சிரிச்சாங்க. எனக்கே கடைசியில சிரிப்பு வந்துருச்சு. நான் ஊருக்கு என்னன்னு சொல்றது?"

"பாத்தத அப்படியே சொல்லுங்க" என்றான் சோலைமுத்து.

கல்யாணசுந்தரம் போனை எடுத்தார். விசாரிப்பு என்றால் மறைவாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. அவன் எதிரிலேயே போட்டார், ஸ்பீக்கரில் வைத்துப் பேசினார். கோட்டு, குழி, லாரி, மத்தி, கைதட்டல், மேனேஜர் கை கொடுத்தது, ஒன்று விடாமல் ஒப்பித்தார். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் கேட்டது. பாதியில் அது நின்றது. கடைக்கு வந்த யாரோ, காத்திருக்கச் சொன்னதற்கு முணுமுணுப்பதும் கேட்டது.

"அதான் கனகா" என்று முடித்தார் கல்யாணசுந்தரம். "நெஜமா ஜோக்கான்னு என்னால கண்டுபிடிக்க முடியல. நீதான் சொல்லணும்."

சரிவிலிருந்து ஐஸ் உருகி, கோடு கோடாகக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லின் பழைய நிறம் அங்கங்கே தெரிய ஆரம்பித்திருந்தது.

"எல்லாரும் சிரிச்சாங்களா சித்தப்பா?" என்று கேட்டாள் கனகா.

"எல்லாருந்தாம்மா. ஒருத்தர் பாக்கி இல்ல."

"அவரு?"

கல்யாணசுந்தரம் திரும்பிச் சோலைமுத்துவின் முகத்தைப் பார்த்தார். வேர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"இல்லம்மா" என்றார் மெதுவாக. "அவரு சிரிக்கல. அழுதுருவாரு போல நின்னாரு."

"அப்ப நெஜந்தான் சித்தப்பா" என்றாள் கனகா. "பொய் சொல்றவங்கன்னா, எல்லாரும் சிரிக்கிறப்ப தானும் சேந்து சிரிச்சுத் தப்பிச்சுக்குவாங்க. அவருகிட்டக் குடுங்க."

கல்யாணசுந்தரம் எழுந்து நின்றார். போனை இரண்டு கையாலும் நீட்டினார். "இந்தாங்க மாப்ள, பேசுங்க."

சோலைமுத்து போனைக் காதில் வைத்தான். என்ன பேசுவதென்று தெரியவில்லை. அந்தப் பக்கம் கனகாவுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"சாப்டீங்களா?"

கடலுக்கு இந்தப் பக்கம் பிழைக்க வந்தவன் எவனும் ஊரிலிருந்து வருகிற அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னதில்லை. பட்டினி கிடந்தாலும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வான்.

"இன்னும் இல்லீங்க" என்றான் சோலைமுத்து.